கமிட்டிக்காகப் பூசிய சுவர்

காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்க்காமல் இந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் படுக்கையை விட்டு எழுந்ததில்லை. தெற்குக் காற்று என்றால் நிம்மதியாக ஒரு டீ குடிப்பேன். மேற்குக் காற்று என்றால் அந்த டீ தொண்டையில் இறங்காது. அயர்லாந்தின் டொனகல் கடற்கரையில் குடியிருந்துகொண்டு மேற்குக் காற்றுக்குப் பயப்படுகிறவள் எத்தனை டீயைக் கீழே கொட்டியிருப்பாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பயத்துக்குக் காரணம் எங்கள் வீட்டு மேற்குச் சுவர். அது கடலைப் பார்த்து நிற்கிறது. நிற்கிறது என்பதே பெரிய வார்த்தை. கட்டிய சிமெண்ட் கல்லில் மைக்கா, அதாவது அபிரகத் தாது, கலந்திருந்தது. அந்த மாதிரிக் கல் மழையைக் குடிக்கக் குடிக்க உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். வெளியே முதலில் முடி கனத்துக்கு ஒரு கோடு தெரியும், பிறகு அதில் பென்சில் நுழையும், பிறகு விரல் நுழையும். கல் விற்றவர்களுக்கு இது தெரியாதாம். சோதித்துப் பார்த்திருக்க வேண்டியவர்களுக்கும் தெரியாதாம். நாட்டில் தெரியாது என்று சொல்வதற்கு ஆளுக்குப் பஞ்சமே இல்லை.

போன இலையுதிர் காலத்தில் என்ஜினியர் வந்தார். அந்தச் சுவரை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். சுட்டுக்கொண்டவர் போலக் கையை எடுத்துக்கொண்டார்.

"இனிமே இந்தச் சுவத்துல யாரும் ஆணி அடிக்காதீங்க. படம் மாட்டாதீங்க. பலமா சாயக்கூடச் சாயாதீங்க" என்றார்.

"எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டேன்.

"அதை நான் எழுதித் தர முடியாதுங்க" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அந்தச் சுவரை ஒட்டித்தான் என் மகள் ரோனாவின் அறை. அவளுக்கு ஒன்பது வயது. அன்று மாலையே அறையைக் காலி செய்துவிட்டு மூன்று பேரும் சமையலறைத் தரையில் படுக்க ஆரம்பித்தோம். சமையலறை பிறகு சேர்த்துக் கட்டியது, அது வேறு கல். ரோனாவிடம், "நாம கேம்ப் போடறோம்" என்று சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் போய் எங்கள் வீட்டில் தினமும் கேம்ப் என்று பெருமை அடித்தாள். மற்றப் பிள்ளைகளுக்குப் பொறாமையாம். அவளுக்கு உண்மை தெரியக் கூடாது என்பதில் மட்டும் நானும் என் கணவன் மானஸும் சண்டை போட்டதே இல்லை. பயந்து சாக வீட்டில் இரண்டு பேர் போதும்.

ஞாயிறுதோறும் சர்ச் பூசைக்குக் கிளம்புமுன் நான் அந்த அறைக்குள் போவேன். விரிசல் எதுவரை வந்திருக்கிறதோ அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுவேன். பைத்தியம் என்பான் மானஸ். இருக்கட்டும். அந்த விரிசல் என் கண்ணுக்குத் தெரிகிறவரை, எப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும் என்று நம்பினேன். பாம்பு மூலையில் படுத்திருந்தால் அதன் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டே வேலை பார்க்கலாம். அது எங்கே போனது என்று தெரியாவிட்டால்தான் கட்டிலில் கால் நீட்ட முடியாது.

வேறு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே என்பீர்கள். எங்கே போவது? எங்கள் பக்கம் வாடகைக்கு வீடே கிடையாது. இருக்கிற நல்ல வீடெல்லாம் கோடை விடுமுறைக்காரர்களுக்கு. குளிர்காலம் முழுக்க அவை பூட்டிக் கிடக்கும். உளுத்த வீட்டை இடித்துக் கட்ட அரசாங்கம் உதவும், மாற்று வீடும் தரும்; ஆனால் இடிப்பதற்கு ஒப்புதல் கடிதம் வந்த பிறகுதான். ஒப்புதல் வர வருடக்கணக்கில் ஆகும். அதுவரை சுவர் காத்திருக்க வேண்டும் என்று சட்டத்தை எழுதியவர்கள் சுவரிடம் சொல்ல மறந்துவிட்டார்கள்.

அதனால்தான் மனு எழுதினேன். நான் ஒரு மருந்துக்கடையில் அரைநாள் வேலை பார்க்கிறவள்; எனக்கு நாடாளுமன்றமும் தெரியாது, நாற்காலியும் தெரியாது. மனுவில் இருந்தது ஒரே கோரிக்கைதான். வீடு ஆபத்தானது என்று என்ஜினியர் சொன்ன அன்றைக்கே குடும்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒப்புதல் ஆற அமர வரட்டும். பூட்டிக் கிடக்கும் விடுமுறை வீடுகளை உள்ளூர்க் கவுன்சில் குளிர்காலத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும். அடுத்த புயல் பருவத்துக்குள் ரோனாவை அந்த வீட்டை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கையெழுத்து வாங்கப் போனபோதுதான் தெரிந்தது, எங்கள் ட்ரம்கில்லா ஊரில் யார் வீட்டிலும் விரிசல் இல்லை என்று. அலமாரிகள்தான் வினோதமான இடங்களில் நின்றன. பக்கத்து வீட்டு யூனன், பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர், தனி ஆள். அவர் வீட்டில் ஒரு பெரிய துணி அலமாரி நடையை அடைத்துக்கொண்டு நின்றது. வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நடந்துதான் உள்ளே போனேன்.

"கையெழுத்துப் போடறதுல ஒண்ணுமில்ல நோரீன்" என்றார். "பேரு வெளிய வந்துச்சுன்னா நாளைக்கு என் வீட்டை எவன் வாங்குவான்?"

"நீங்க வீட்டை விக்கப் போறீங்களா?"

"இல்ல. இருந்தாலும் எவன் வாங்குவான்?"

அவரிடம் கையெழுத்து கிடைக்கவில்லை. மற்றவர்களிடம் வாங்கித் தந்தவள் எதிர்வீட்டுக் கன்செப்டா. ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, மனுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கன்செப்டாவைத் தாண்டி வீட்டுக்குப் போகும் தைரியம் எங்கள் ஊரில் பாதிரியாருக்கே கிடையாது. சுற்று வட்டாரமெல்லாம் கையெழுத்துப் போட்டது, பிறகு கணினி வழியாக நாடெங்கும் இருந்து வந்தது. கடைசியில் நாடாளுமன்றத்தின் மனுக்கள் கமிட்டி எங்களைத் தலைநகர் டப்ளினுக்குக் கூப்பிட்டது.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை போனோம். சாவியைக் கன்செப்டாவிடம் கொடுத்து, கோழிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். கமிட்டி அறையில் தரைவிரிப்பு கணுக்கால்வரை அமுங்கியது. என் குரல் ஆட்டுக்குட்டி போல நடுங்கியது. மேற்குச் சுவரின் படங்களைத் திரையில் காட்டினார்கள். சேர்மன் மிஸஸ் டான்சி, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"படத்துல பாக்கறது வேற, நேர்ல பாக்கறது வேற" என்றார். "வெள்ளிக்கிழமை நாங்களே உங்க வீட்டுக்கு வர்றோம்மா. நாங்க கண்ணால பாத்ததை ரிப்போர்ட்ல எழுதிட்டா, அதைத் தள்ளி வைக்கிறது மந்திரிக்குக் கஷ்டம்."

வெளியே வந்ததும் மானஸ் என்னைத் தெருவிலேயே கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதான். கல்யாணத்தில்கூட அவன் அழுது நான் பார்த்ததில்லை. நான் உடனே கன்செப்டாவுக்குப் போன் செய்தேன்.

"வர்றாங்கடி! வெள்ளிக்கிழமை! கமிட்டியே நம்ம வீட்டுக்கு வருது!"

"ஐயோ என் தாயே!" என்று அலறினாள். "வெள்ளிக்கிழமையா? இன்னிக்குப் புதன் ஆச்சேடி! சரி சரி, நீ ஒண்ணும் கவலைப்படாத. போனை வை, எனக்கு வேலை இருக்கு."

அவளுக்கு என்ன வேலை என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மானஸின் தங்கை வீட்டில் ஒரு நாள் தங்கி, ரோனாவுக்கு மிருகக்காட்சி சாலையைக் காட்டிவிட்டு, வியாழன் சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினோம்.

சாலை வளைவு திரும்பியதும் ரோனாதான் முதலில் பார்த்தாள். "அம்மா, நம்ம வீடு எங்க?"

இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் அடையாளம் தெரியவில்லை. சுவரெல்லாம் பால் வெள்ளை. கதவு புதுச் சிவப்பு. ஜன்னலுக்குக் கீழே பூத்தொட்டிகள். வாசலில் ஊரில் பாதிப் பேர் நின்றார்கள், கையிலும் தலையிலும் பெயிண்ட் துளிகளோடு. கன்செப்டா முன்னால் நின்று, குழந்தை பெற்றவள் போல முகம் நிறையச் சிரித்தாள்.

எங்கள் ஊர் வழக்கம் அப்படி. வீட்டுப் பூசை முறை வந்து பாதிரியார் யார் வீட்டுக்காவது வருகிறார் என்றால், அக்கம்பக்கமெல்லாம் சேர்ந்து அந்த வீட்டைப் பூசி மெழுகி, கர்ட்டன் மாற்றி, இரவல் கோப்பைகள் அடுக்கி, வீட்டுக்காரருக்கே அந்நியமாக்கிவிடும். பாதிரியாருக்கே அப்படியென்றால் டப்ளினிலிருந்து கமிட்டி வந்தால் விடுவார்களா?

நான் யாரிடமும் பேசாமல் ரோனாவின் அறைக்கு ஓடினேன். மேற்குச் சுவர் வழவழவென்று இருந்தது. வெண்ணெய் நிறத்தில் மஞ்சள் பெயிண்ட். விரிசல் இல்லை. என் பென்சில் கோடுகள் இல்லை, தேதிகள் இல்லை. அங்கே என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்ல இனி எதுவுமே இல்லை.

"பாவி! என்னடி பண்ணி வச்சிருக்க?" என்று கத்தினேன்.

"என்ன பண்ணோம்? யூனன் அண்ணன் ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம சுவத்தை நிரவிப் பட்டி வச்சிருக்காரு, அவரைக் கையெடுத்துக் கும்பிடு!"

"அவங்க விரிசலைப் பாக்கத்தானடி வர்றாங்க!"

கன்செப்டா என்னை ஒரு மக்கைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "அடியே, பெரிய ஆளுங்க வீடு தேடி வர்றாங்கன்னா காரியம் முடிஞ்சுதுன்னு அர்த்தம். ரோடு போட்டப்ப எப்ப வந்தானுங்க? தார் காஞ்சப்புறம் வந்து போட்டோ எடுத்துக்கிட்டானுங்க. ஆஸ்பத்திரிக்கு எப்ப வந்தானுங்க? ரிப்பன் கட்டினப்புறம். எந்தக் காலத்துல முன்னாடி வந்து பாத்திருக்கானுங்க, சொல்லு?"

அவள் சொன்னது உண்மை. எங்கள் ஊரில் பிறந்த யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"போட்டோல அசிங்கமா விழக் கூடாதேன்னு பண்ணோம்" என்றார் யூனன் தாழ்ந்த குரலில். "ட்ரம்கில்லாக்காரன் பன்றிக் கொட்டில்ல கெடக்கறான்னு நாடு பேசக் கூடாதில்ல."

"சுவத்தைச் சுரண்டினீங்களா?"

"சுரண்டல. தொட்டாலே கொட்டுச்சு. வலை வச்சு, மேலால பட்டி போட்டேன்." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "கை பழகின வேலைதான்."

எங்கே பழகினார் என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை. பின்னால் ரோனாவின் சத்தம் கேட்டது. அவள் அறைக்குள் வந்துவிட்டாள். புது கர்ட்டனைத் தொட்டுப் பார்த்தாள். கட்டிலின் மேல் குதித்தாள். யாரோ அவளுடைய பெயரை நீல எழுத்தில் ஒரு பலகையில் எழுதி அலமாரி மேல் வைத்திருந்தார்கள்.

"அம்மா, கேம்ப் முடிஞ்சிடுச்சா? நான் இங்கயே படுத்துக்கட்டுமா?"

"இன்னிக்கு வேணாம் செல்லம்."

"ஏன்? பெயிண்ட் காஞ்சிருச்சே. தொட்டுப் பாரேன்!" என்று உள்ளங்கையை அந்தச் சுவரில் வைத்து அழுத்தினாள். நான் அவள் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தேன். அவள் என்னைத் திகைத்துப் பார்த்தாள். ஒரு வருடமாக நான் கட்டிக் காத்த பொய் அவள் கண்ணில் லேசாக ஆடியது. எனக்கு அது சுவர் ஆடியதைவிடப் பயமாக இருந்தது.

சமையலறையில் மானஸ் என்னிடம் கிசுகிசுத்தான். "ஒரே ஒரு ராத்திரி நோரீன். காத்தே இல்ல பாரு, இலை அசையல. நாளைக்கு அவங்க வந்து பாத்துட்டா எல்லாம் மாறிடும். ஒரு ராத்திரி அவ கட்டில்ல படுக்கட்டும்."

"சுவரு விழறதுக்குக் காத்து வேணும்னு என்ஜினியர் சொன்னாரா?"

"அப்ப போய் அவகிட்ட உண்மையைச் சொல்லு. போ. உன் தலமாட்டுச் சுவரு எப்ப வேணா உன் மேல விழும்னு சொல்லு."

என்னால் சொல்ல முடியவில்லை. இதை நான் மறைக்கப் போவதில்லை: எனக்கும் ஆசையாக இருந்தது. அந்த மஞ்சள் நிறமும், கர்ட்டனும், பிள்ளையின் சிரிப்பும் எனக்கும் வேண்டியிருந்தன. ஒரு நிமிடம் நானும் அந்தச் சுவரை நம்பினேன்.

கட்டிலைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி அவளைப் படுக்க வைத்தேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் நான் படுத்துக்கொண்டேன். அவள் நன்றாகத் தூங்கினாள். நான் காதைத் தரையில் வைத்து, பூச்சுக்குப் பின்னால் மணல் உதிர்வதைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். உண்மையில் கேட்டதா, பயத்தில் கேட்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ரேடியோ புயல் எச்சரிக்கை சொன்னது. சாயங்காலத்திலிருந்து மேற்குக் காற்றாம். பத்து மணிக்குக் கமிட்டி வந்தது: மிஸஸ் டான்சி, இன்னொரு ஒல்லியான உறுப்பினர், கேமராவோடு கவுன்சில் அதிகாரி ஒருவர். ஊரே ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் நின்றது. கன்செப்டா ஹாம் சாண்ட்விச்சும் ஸ்கோன் ரொட்டியும் அடுக்கி, டீ ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

மிஸஸ் டான்சி வாசலில் நின்று வீட்டை மேலும் கீழும் பார்த்தார். "அழகான வீடு" என்றார். அவர் மரியாதைக்குத்தான் சொன்னார். எனக்குத் தூக்குத் தண்டனை படித்தது போல இருந்தது.

ஒல்லி ஆள் கையிலிருந்த படங்களையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது அதே வீடுதானாம்மா?"

"அதே வீடுதான் சார். மேல பூசிட்டாங்க. எனக்குத் தெரியாம பூசிட்டாங்க."

"யாரு?"

நான் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள். கன்செப்டா டீ ஊற்றுவதை நிறுத்தினாள். விஷயம் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். தார் காய்வதற்கு முன்பே வந்துவிட்டார்கள் என்று.

கவுன்சில் அதிகாரி தொண்டையைச் செருமினார். "ரிப்பேர் பண்ணின வீடுன்னா விதி வேற மேடம். ஆபத்தான வீடுன்னு இதைச் சேர்க்க முடியாது."

"நான் இந்தம்மா சொல்றதை நம்பறேன்" என்றார் மிஸஸ் டான்சி. அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது, அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. "ஆனா பாத்ததைத்தான் எழுத முடியும். இங்க நான் என்ன பாத்தேன்னு எழுத? மனு மேலயே சந்தேகம் வந்துரும்."

எத்தனை பேருடைய கையெழுத்து, எத்தனை வீட்டுப் பிள்ளைகள், எல்லாம் ஒரு டப்பா மஞ்சள் பெயிண்ட்டுக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. வெளியே வேலி ஓரத்துச் செடிகள் கிழக்கே சாயத் தொடங்கியிருந்தன. காற்று சாயங்காலம்வரை பொறுக்கவில்லை.

அப்போது ரோனா ஓடி வந்து மிஸஸ் டான்சியின் கையைப் பிடித்தாள். "என் ரூமைப் பாக்கறீங்களா? புதுசா பண்ணியிருக்காங்க. நேத்து நான் அங்கதான் தூங்கினேன்!"

அவர் சிரித்துக்கொண்டே அவளோடு போனார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். அந்தச் சின்ன அறையில் எல்லோரும் நெருக்கி நின்றபோது ஒருவர் சுவரில் சாய்ந்தாலும் எல்லாம் முடிந்தது என்று நான் அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோனா ஒவ்வொன்றாகக் காட்டினாள். கர்ட்டன், பலகை, கட்டில். "அம்மா பயந்துகிட்டு கீழ படுத்துக்கிட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அவர்களும் சிரித்தார்கள்.

என் கையில் டீக் கோப்பை இருந்தது. அதில் ஒரு ஸ்பூன் இருந்தது. சுவரில் சாயக்கூடக் கூடாது என்று என்ஜினியர் சொன்னது காதில் கேட்டது. சுவரைத் தோண்டாவிட்டால் இவர்கள் இப்போது காரில் ஏறிப் போய்விடுவார்கள், இன்று ராத்திரி புயல் வரும், என் பிள்ளை தன் அழகான அறையில் தூங்கக் கேட்பாள். தோண்டினால் அவளுக்குத் தெரிந்துவிடும். இரண்டுக்கும் நடுவே எனக்கு வழி இல்லை.

"மானஸ், ரோனாவைத் தூக்கு. வாசல்ல நில்லு. மத்தவங்க பின்னால தள்ளி நில்லுங்க" என்றேன்.

"நோரீன், வேணாம்..." என்றான். ஆனால் தூக்கிக்கொண்டான்.

நான் ஸ்பூனை மஞ்சள் சுவரில் வைத்து அழுத்தினேன். குத்தவில்லை, அழுத்தினேன், அவ்வளவுதான். ஈரம் காயாத பட்டி தோல் போல உரிந்தது. வலையைக் கிழித்தேன். அதற்குப் பின்னால் கல் என்று ஒன்று இல்லை. பாலில் ஊறிய பிஸ்கட் போல ஸ்பூனில் வந்தது. ஸ்பூனைப் போட்டுவிட்டுக் கையால் அள்ளினேன். ஈர மணல் என் ஷூவின் மேல் கொட்டியது. என் கை மணிக்கட்டுவரை போனது, முழங்கைவரை போனது, விரல் நுனியில் குளிர்ந்த காற்று பட்டது. கையை இழுத்தபோது அந்தத் துளைக்குள் ஒரு துண்டு வெளிச்சம் தெரிந்தது. வெளி வேலியின் பச்சை தெரிந்தது.

மேலே எங்கேயோ, உத்தரத்துக்குப் பக்கத்தில், ஏதோ ஒன்று மெதுவாக நகர்ந்து உட்கார்ந்தது. சத்தம் சின்னதுதான்.

"எல்லாரும் வெளிய போங்க" என்றார் மிஸஸ் டான்சி. அவர் உதடு வெளுத்திருந்தது. "ஓடாதீங்க. மெதுவா. வெளிய."

கவுன்சில் அதிகாரி போட்டோ எடுக்க மறந்து, வாசலைத் தாண்டியவர், திரும்பி வந்து எடுத்தார். அது மட்டும் அவர் செய்த நல்ல காரியம். வெளியே புல்லில் நின்றபோது யூனன் தொப்பியைக் கழற்றினார்.

"என் வீட்டையும் பாருங்கம்மா" என்றார். "நடையில இருக்கற அலமாரியை நகத்தணும், யாராவது கை குடுங்க. நாலு வருஷமா நானே பட்டி வச்சு வச்சு மறைச்சுட்டேன்." அவர் அழுதார். "நான்தான் இவங்க வீட்டையும் பூசினேன்."

பிறகு ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். கன்செப்டா கெட்டிலைக் கீழே வைத்துவிட்டு, தன் வீட்டு மாடியைப் பற்றிச் சொன்னாள். அவ்வளவு விரிசல் எங்கள் ஊரில் இருந்தது. நான் அதையெல்லாம் அரைக் காதில்தான் கேட்டேன். நான் ரோனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் மானஸின் தோளிலிருந்து இறங்கவில்லை. என் கையைப் பார்த்தாள். முழங்கைவரை சாம்பல் நிற மணல் அப்பியிருந்தது. அவள் கேட்டபோது குரல் சின்னதாக இருந்தது. "அம்மா, நேத்து நான் அங்கதான படுத்திருந்தேன்?"

"ஆமா செல்லம்."

"உனக்குத் தெரியுமா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழவில்லை. முகத்தைத் திருப்பி மானஸின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள்.

மிஸஸ் டான்சி அங்கேயே புல்லில் நின்று யாருக்கோ போன் செய்தார், அதட்டினார், மறுபடி செய்தார். மூன்று மணிக்குள் கடற்கரைப் பக்கம் பூட்டிக் கிடந்த ஒரு விடுமுறை வீட்டின் சாவி வந்தது. எங்களுக்கு அன்றைக்கே, மற்றவர்களுக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் மாறுமா என்று கேட்டேன். "மாத்தாம விட மாட்டேம்மா" என்றார். அவரை நான் நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

மேற்குக் காற்று வலுத்துவிட்டிருந்தது. அந்த வீட்டில் விளக்குப் போட மானஸ் சாவியோடு முன்னால் நடந்து போயிருந்தான். ரோனா எங்கள் காரின் முன்சீட்டில் ஏறி, கதவைச் சாத்தி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கன்செப்டா கொண்டுவந்த சாண்ட்விச்சைத் தொடவில்லை. நான் அவளுடைய பள்ளிக்கூட உடுப்பையும் இருமல் மருந்தையும் எடுத்து வரலாம் என்று கார் கதவைத் திறந்து இறங்கப் போனேன்.

"போகாத அம்மா."

"சமையலறைக்குத்தான் கண்ணு. அது வேற கல்லு. அங்க ஒண்ணும் ஆகாது."

"நீ சும்மா சொல்ற" என்றாள்.

உள்ளே போனேன். பையில் ஒரு சட்டையை வைத்திருப்பேன், வெளியே கார் ஹாரன் அலறியது. நான் இன்னொரு சட்டையை எடுத்தேன். ஹாரன் நிற்கவில்லை. மூச்சு விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள், என் பிள்ளை. காற்றையும் மீறி அந்தச் சத்தம் வீட்டுக்குள் நிறைந்தது. பையையும் மருந்தையும் அப்படியே போட்டுவிட்டு நான் அவளிடம் ஓடினேன்.